காலிக் கட்டங்கள்

சாவை நெருங்கியவர்களிடம் தாளை நீட்டி, "வலி எவ்வளவு, தூக்கம் வருதா, மூச்சு வாங்குதா" என்று கேட்டு எழுதுவதுதான் தணிப்புச் சிகிச்சை ஆய்வு. நோயைத் தீர்க்க முடியாது. வேதனை குறைந்ததா என்பதே கேள்வி. அந்தத் தாள்களில் பல கட்டங்கள் காலியாகவே திரும்பி வரும். அவற்றை என்ன செய்வது? இது புள்ளிவிவரக்காரர்களின் சிக்கல் மட்டுமல்ல, நியாயம் பற்றிய கேள்வி.

2010இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு ஒன்று. நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்ட 151 பேர். பாதிப் பேருக்கு ஆரம்பத்திலேயே தணிப்புச் சிகிச்சையும் சேர்த்துத் தரப்பட்டது. அவர்கள் நிலை மேம்பட்டது என்பது முடிவு. 12 வாரத்துக்குள் 27 பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 124 பேரில் பதில் சொன்னவர்கள் 107. பதினேழு பேர் உயிரோடிருந்தும் பதில் இல்லை. இந்த எண்களை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. அதனால்தான் நாம் கேட்க முடிகிறது: அந்தப் பதினேழு பேர் ஏன் பேசல?

பொதுவாகவே இதைக் கேட்டாக வேண்டும். ரொம்ப முடியாதவர்கள் ஒவ்வொருவராக விலகினால், மிஞ்சியவர்களின் சராசரி தானாகவே நல்லதாகிவிடும். ஒருத்தருக்கும் வலி குறைந்திருக்க வேண்டியதில்லை. தெம்பு இருக்கிறவங்க சொன்னதே எல்லாருடைய கதையும் ஆகிவிடும்.

கடைசியாகச் சொன்ன பதிலையே இழுத்துக் காலியை நிரப்புகிற வழக்கமும் உண்டு. மூணு வாரம் முன்னாடி "பரவாயில்ல" என்றவர், நினைவு தப்பிக் கிடக்கும்போதும் தாளில் "பரவாயில்ல" என்கிறார். பேச முடியாதவர் வாயில் வார்த்தையைத் திணிப்பதல்லாமல் இது வேறென்ன? அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2010 அறிக்கையும், தக்க காரணமின்றி இதைக் கையாளக் கூடாது என்றது. இறந்தவருக்கு "வலி இல்லை" என்று போட்டாலோ, சாவே சிறந்த மருந்தாகிவிடும்!

"சாகிறவரைக் கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணலாமா?" என்பார்கள். கூடாதுதான். பதில் சொல்லாமலிருப்பது அவர் உரிமை. ஆனால் காலிக்குக் காரணம் எழுதுவது ஆய்வு நடத்துகிறவர் கடமை. இறப்பால், நோய் முற்றியதால், தற்செயலாக என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லி 2013இல் பிரிட்டனிலிருந்து வழிகாட்டுதல் வந்தது. அதோடு, பேசாதவர்களெல்லாம் மோசமான நிலையில் இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டு ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் நிற்கிற முடிவைத்தான் எல்லாருக்குமான முடிவு என்று நம்பலாம். நிற்காவிட்டால், "பதில் சொன்னவர்களுக்கு இப்படி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதே நேர்மை.