காணாமல் போகாத சிங்கம்

சிங்கங்களுக்கு நடுவே காரில் போய் வரலாம் என்ற யோசனை ஒரு சர்க்கஸ்காரருக்கு உதித்தது. பெயர் ஜிம்மி சிப்பர்ஃபீல்டு. 1966-இல் இங்கிலாந்தின் லாங்லீட்டில், பாத் பிரபுவின் எஸ்டேட்டில் ஒரு பகுதியை வேலி போட்டு அடைத்து, சிங்கங்களை உள்ளே விட்டு, ஜனங்களைச் சொந்தக் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். பிரபுவுக்கும் காசு தேவைப்பட்டது. பரம்பரை மாளிகையைக் கட்டிக் காப்பாற்றவே 1949-இல் டிக்கெட் போட்டு ஊருக்குத் திறந்துவிட்டவர் அவர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே இந்த மாதிரிப் பூங்கா அதுதான் முதலாவது. மனிதன் கூண்டில், மிருகம் வெளியில் என்று இத்தகைய பூங்காக்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். சர்க்கஸ்காரர் போட்ட கணக்கு வேறாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கம்பிக்குப் பின்னால் இருக்கும் சிங்கத்தை யாரும் ஒரு தடவைதான் பார்ப்பார்கள். தனக்கும் சிங்கத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று அரை மணி நேரம் நம்ப வைத்தால், அந்த நம்பிக்கைக்காகத் திரும்பத் திரும்ப வருவார்கள்.

நம் வண்டலூர் விலங்குப் பூங்காவில் சொந்தக் காரில் போக விடுவதில்லை. நல்லதுதான். விட்டால் கண்ணாடியை இறக்கி முறுக்கு நீட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. பூங்காவின் பஸ்ஸில்தான் போகவேண்டும். 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிதான் பின்பு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூர் காப்புக்காட்டுக்கு வந்து சேர்ந்தது. அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குகள் இருந்த இடத்துக்கு 'உயிர் காலேஜ்' என்றும் பெயர் வைத்தது பழைய மெட்ராஸ். சின்னக் கூண்டுகளில் சுற்றிச் சுற்றி நடந்த மிருகங்களுக்கு, ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் மரமும் புதருமாக 500 ஹெக்டேருக்கு மேல் கிடைத்தது. அதில் ஒரு பங்கு சிங்க உலாவுக்கு.

நான் போனது ஒரு வேலை நாள். காணும் பொங்கலன்று போனால் சிங்கத்தைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்க்கலாம். சஃபாரிக்கு இரட்டைக் கதவு. பஸ் முதல் கதவுக்குள் நுழைந்து நிற்கிறது. பின்னால் அது சாத்தப்பட்ட பிறகுதான் முன்கதவு திறக்கிறது. நடுவில் நிற்கும் அந்த அரை நிமிஷம் பஸ்ஸில் எல்லோரும் தாமாகவே பேச்சைக் குறைத்தார்கள். ஜன்னல் வலைக்கம்பியில் விரல்கள் கோத்திருந்தன. கம்பியின் ஒரு கட்டத்துக்குள் செல்போன் கேமராவைப் பொருத்துவதற்கு என் முன்சீட்டுப் பையன் படாத பாடு பட்டான்.

ஒரு வேப்ப மரத்தடியில் பெண் சிங்கம் படுத்திருந்தது. பஸ்ஸிலிருந்து பத்தடி இருக்கும். தாடையை மண்ணில் அப்படியே பதித்திருந்தது. கண்ணோரத்தில் ஈ உட்காரும்போது காது மட்டும் அசையும். வால் நுனியின் கறுப்புக் குஞ்சம் ஒரு தடவை தரையைத் தட்டியது. அவ்வளவுதான் நடந்தது.

"ஹாரன் அடிங்கண்ணே, எந்திரிக்கட்டும்" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் கூடாது சார். அது தூங்குற நேரம்" என்றார் டிரைவர்.

தூங்குற நேரம் என்று அவர் சொன்னது சமாளிப்பு இல்லை. சிங்கம் நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். வேட்டைக்குச் சக்தியைச் சேமிக்கிற ஜாதி. பஸ்ஸில் எல்லோருக்கும் இது தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் டிக்கெட் வாங்கியவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் இருக்கத்தான் செய்தது. என் முகத்திலும் இருந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டில் வேலியைவிட முக்கியமான பூட்டு ஒன்று உண்டு. அது சாப்பாட்டு நேரம். காலையில் திறந்துவிடப்படும் சிங்கங்கள் மாலையில் தாமாகவே இரவுக் கூடத்துக்குத் திரும்பும். அங்கே இறைச்சி இருக்கும். காட்டில் தினமும் இரை கிடைக்காது என்பதால் ஊனுண்ணிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடும் வழக்கமும் நம் பூங்காக்களில் உண்டு. கதவைச் சாத்தி ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காப்பாளர் வீட்டுக்குப் போகமுடியும். எண்ணிக்கை சரியாக இருக்கிறவரை எல்லாம் சரி.

2025 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு மாலை எண்ணிக்கை சரியாக வரவில்லை. சஃபாரிக்குப் புதிதாகத் திறந்துவிடப்பட்ட ஆண் சிங்கம் ஒன்று கூடத்துக்குத் திரும்பவில்லை. உடனே 'வண்டலூரில் சிங்கத்தைக் காணோம்' என்று செய்தி பறந்தது. சுற்றுச்சுவரும் வேலியும் சேதமில்லாமல் இருந்தன. சிங்கம் உள்ளேதான் எங்கோ புதரில் இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குழுக்கள் தேடின. டிரோன் பறந்தது. சுமார் 50 ஏக்கரில் ஒரு சிங்கம். ஓரிரு நாள் கழித்து அது தானாகவே நடந்து கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

பூங்கா பதறியதில் தவறே இல்லை. வெளியே ஊர் இருக்கிறது, பொறுப்பு அவர்களுடையது. ஆனால் செய்தியைப் படித்தபோது எனக்கு வேறொன்று உறைத்தது. அந்தச் சிங்கம் எங்கும் போகவில்லை. புதருக்குள் போய்ப் படுத்தது. சிங்கமாகப் பிறந்த எதுவும் செய்கிற காரியம் அது. அதன் ரோமத்துக்குக் காய்ந்த புல்லின் நிறம் ஏன்? மறைவதற்கு. பதுங்கிப் பதுங்கிக் கிட்டே போய்ப் பாய்வதுதான் அதன் பிழைப்பு; கண்ணில் பட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. கர்ஜனையும் பிடரியும் நமக்குத்தான் பெரிசு. அதற்கு முதல் கலை ஒளிந்திருப்பது. நாமோ அந்த ஒன்றைச் செய்ததும் 'காணாமல் போனது' என்று எழுதினோம். அது கலகம் செய்தது, விடுதலை கேட்டது என்று சொல்வது சினிமாப் புத்தி. புது இடத்தில் மிரண்டிருக்கலாம், வெறுமனே தூங்கியிருக்கலாம். எதுவாக இருந்தாலும், உலாப் பூங்கா ஒரு விலங்குக்கு எதைத் தரும், எதைத் தராது என்பது அந்த ஓரிரு நாளில் தெளிவாகத் தெரிந்துபோயிற்று. நிழல் தரும், தண்ணீர் தரும், நடக்க இடம் தரும், வைத்தியர் தரும். மறைவை மட்டும் தராது. தந்தால் பஸ் எதற்கு?

இதை இப்படியே முடித்துவிட்டால் அநியாயம். பார்த்துக்கொண்டே இருப்பதால் பிழைத்த உயிர்கள் அதே இடத்தில் உண்டு. 2021 மே கடைசியில் சஃபாரிப் பகுதியின் விலங்கு இல்லத்தில் 5 சிங்கங்கள் சரியாகத் தின்னாமல் அவ்வப்போது இருமின. தினமும் கவனிக்கிற கண் இருந்ததால்தான் அது தெரிந்தது. பரிசோதித்தால் கொரோனா. ஜூன் 3-ஆம் தேதி நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் இறந்தது. அடுத்து ஓர் ஆண் சிங்கமும் போயிற்று. மருந்தும் கண்காணிப்புமாக மற்றவற்றில் பெரும்பாலானவை தேறின. 2018 செப்டம்பரில் கிர் காட்டில் கதை வேறு மாதிரி நடந்தது. தல்கானியா சரகத்தில் சில வாரங்களுக்குள் 20-க்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் முக்கியக் காரணம். ஒளிந்து வாழ்கிற விலங்கு ஒளிந்தே சாகும், உடல் கிடைத்த பிறகுதான் நமக்குச் சேதி வரும். ஆக, பார்வை பராமரிப்பாகவும் இருக்கிறது.

வைத்தியரின் பார்வையையும் என் பார்வையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதுதான் இங்கே பிரச்சினை. அவர் பார்ப்பது சிங்கத்துக்காக. நான் பார்ப்பது எனக்காக. பிள்ளைகள் விலங்கைப் பார்த்தால்தான் அதன்மேல் பாசம் வரும், காடு பிழைக்கும் என்று நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்கிறோம். ஓரளவு உண்மைதான். ஆனால் பார்த்ததால் வந்த பாசம் மறுபடியும் பார்க்கத்தான் கேட்கிறது. காட்டைக் கேட்பதில்லை. முதுமலைக்குப் போய்த் தெப்பக்காட்டில் வனத்துறை வேனில் ஏறி இறங்குகிறவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். புள்ளிமான் கூட்டம், காட்டெருமை, ஒரு யானைக் குடும்பம் எல்லாம் பார்த்திருப்பார்கள். "ஒண்ணுமே இல்ல சார், வேஸ்ட்" என்பார்கள். புலி வரவில்லை என்று அர்த்தம்.

2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 306 புலிகள். அதில் ஒன்றைக்கூட இந்த ஜென்மத்தில் பார்க்கப்போவதில்லை, நம்மில் முக்கால்வாசிப் பேர். ஆனாலும் அவற்றுக்காகக் காட்டுச் சாலைகளில் ராத்திரி லாரி நிற்கிறது, கிராமங்கள் ஆடுமாடுகளை இழக்கின்றன, வரிப்பணம் போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக ஒரு சமூகம் இவ்வளவு செய்கிறது. அதில் இருக்கும் அன்பு, பஸ் ஜன்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் உணர்ந்ததைவிட எத்தனையோ மடங்கு பெரியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்குப் பதிலாக அந்தப் புலி நமக்கு ஒரு போட்டோகூடத் தரவில்லை. தரவேண்டிய கடன் அதற்கு இல்லை.

சஃபாரிகளை மூடச் சொல்லவில்லை. சர்க்கஸிலும் கூண்டிலும் பிறந்த சிங்கங்களுக்குக் காட்டுக்குத் திரும்பும் வழி கிடையாது. அவற்றுக்கு இதைவிட நல்ல இடம் நம்மிடம் இல்லை. ஆனால் பஸ் போகும் வழியோரப் புதர்களை வெட்டாமல் விடலாம். எந்தச் சிங்கத்தையும் ஆசை காட்டிப் பாதையோரத்துக்கு வரவழைக்காமல் இருக்கலாம். டிக்கெட்டிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்துவிடலாம்: இன்று சிங்கம் கண்ணில் படாமலும் போகலாம், பணம் திருப்பித் தரப்படமாட்டாது. முதல் மாதம் கவுன்ட்டரில் தினமும் சண்டை நடக்கும். நடக்கட்டும்.