அறிந்தவர் சொல்ல வேண்டிய விலை

18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி இலங்கையில் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய இடங்களின் பெயரால் செம்புக் காசுகளை வெளியிட்டது. ஸ்டைவர் எனப்பட்ட அக்காசின் ஒரு பக்கத்தில் கும்பனியின் பின்னிய எழுத்துச் சின்னமும், அதற்கு மேலே இடத்தைக் காட்டும் ஓர் எழுத்தும் இருக்கும். 'டி' என்னும் உரோம எழுத்துத் திருகோணமலைக்குரியது. வட்டமும் சரியாக அமையாத இத்தடித்த செம்புத் துண்டை நிறுத்து விற்றால் ஒரு தேநீருக்குக்கூடக் காணாது. ஆனால் அந்த ஓரெழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது கொழும்புக் காசினும் அரிய பொருள். ஒரே செம்புக்கு இரு விலை நிலவுவதற்குக் காரணம் அறிவு ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாமையே. அரிய காசு வாணிகம் முழுவதும் இவ்வேறுபாட்டின் மேல் நிற்பதால், அறநூலார் கேட்க வேண்டிய வினாவும் அங்கேயே எழுகிறது: விற்பவர் அறியாததை அறிந்த வாணிகர் வாய்மூடி வாங்குவது திறமையா, களவா?

எடை, உலோகம், அச்சின் அமைதி, போலியை இனங்காணும் கண், கையிருப்பு முதல், பொறுமை என இத்தொழிலில் முன்னேற வேண்டுவனவற்றை எவரும் எளிதில் அடுக்கிவிடலாம். அவற்றினும் நுட்பமானது காசின் வரலாறு, அதாவது அது எங்கே கிடைத்து யார் கைமாறி வந்தது என்னும் செய்தி. 1961இல் இலங்கையின் தென்கரைக்கு அப்பாலுள்ள கிரேட் பாசஸ் பாறைத் திட்டில், முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெயரால் சூரத்தில் அடிக்கப்பட்ட 1702ஆம் ஆண்டின் வெள்ளி ரூபாய்கள் கட்டிகட்டியாக இறுகிய நிலையில் கண்டெடுக்கப்பட்டன. சூரத்து ரூபாய் தன்னளவில் அவ்வளவு அரியதன்று, மூழ்கிய கப்பலின் காசு என்னும் செய்தியே அதனைத் தேடப்படும் பொருளாக்கியது. (அக்காசைக் கண்டவர்களுள் ஒருவரும், கோணேசர் கோயிலின் இடிபாடுகளைத் திருகோணமலைக் கடலடியில் ஆர்தர் சி. கிளார்க்குடன் ஆராய்ந்தவருமான மைக் வில்சன் பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆனார். காசு அவரைப் பிடித்து வைத்திருக்கவில்லை.)

மேற்கூறிய வினாவை மிக அணுக்கமாக ஆராயும் பழைய நூல், புத்தரின் முற்பிறவிக் கதைகளின் திரட்டாகிய ஜாதகம். அதன் மூன்றாவது கதையான சேரிவாணிஜ ஜாதகத்தில், செல்வம் இழந்த வீடொன்றின் பாட்டியும் பேத்தியும் அழுக்கேறிய பாத்திரம் ஒன்றைக் கொடுத்து ஏதேனும் ஓர் அணி கேட்கின்றனர். முதலில் வந்த வாணிகன் அதனை ஊசியாற் கீறிப் பொன் என்று அறிந்தும், அரைக்காசும் பெறாது என்று வீசிவிட்டுப் போகிறான். பின்னர் வந்த போதிசத்துவரோ (அப்பிறவியிற் புத்தர்) அது இலட்சம் பெறும் என்றும், தம் சரக்கு முழுவதும் அதற்கு ஈடாகாது என்றும் சொல்லிவிடுகிறார். அவர்கள் விரும்பிக் கொடுக்கவே, கார்ஷாபணம் எனப்பட்ட அக்காலக் காசு 500உம் மேலும் 500 பெறுமதியான சரக்கும் அளித்து, வழிச்செலவுக்கு 8 காசு வைத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார். கணக்கிட்டுப் பார்த்தால் நேர்மையாளர் கொடுத்ததும் உண்மை விலையில் நூறில் ஒரு பங்கே. ஆகவே கதை இலாபத்தின் அளவைப் பழிக்கவில்லை. விலையை மறைத்ததையே பழிக்கிறது. எனினும் இத்தீர்ப்பு முழுமையானது என்று கொள்வதற்கில்லை; வறுமையில் இருப்பவர் 'நீங்களே பார்த்துத் தாருங்கள்' என்னும்போது அந்த இசைவில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு என்று கதை கேட்கவேயில்லை.

இக்குறையைத் தமிழ் நூல்கள் நிரப்புகின்றன. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் பிறர் பொருளையும் தன்பொருள் போலப் பேணுவதை வாணிகத்தின் இலக்கணமாக்குகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலை, வாங்கும்போது மிகையும் விற்கும்போது குறையும் கூடாது என அளவையே அறமாக்குகிறது. திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா, மூதூர் முஸ்லிம் வாணிகர் பின்பற்றும் இஸ்லாமிய நெறியிலோ, விற்பவரும் வாங்குபவரும் உள்ளதை வெளிப்படுத்தினாலே அக்கொடுக்கல் வாங்கலில் பரக்கத், அதாவது இறையருளால் உண்டாகும் பெருக்கம், தங்கும் என்பது நபிமொழியின் கருத்து.

வாணிகர் விற்கும்போது, வாங்குவோரிடம் உண்மையை வெளிப்படுத்தும் கடமையும் அவருக்கு உண்டு. சைவ சித்தாந்தம் உயிரோடு அநாதியாகக் கலந்த ஆணவ மலத்தைச் செம்பிற் களிம்புக்கு ஒப்பிட்டு, அது நீங்குதலே வீடுபேறு என்னும். காசு வாணிகத்திலோ களிம்பே பழமைக்குச் சான்று. விளக்குத் துலக்குவதுபோலப் புளியிட்டுத் தேய்த்த காசு பளபளக்கும், ஆனால் அதன் மேற்பரப்பும் எழுத்தின் கூர்மையும் போய் விலை சரியும். தேய்த்த காசில் செயற்கையாகக் களிம்பேற்றி விற்பவரும் உளர். அவர் செய்வது ஜாதகக் கதையின் முதல் வாணிகன் செய்த அதே மறைப்பு, திசை மட்டுமே வேறு.

திருகோணமலையில் இவற்றோடு இன்னொரு கடமையும் சேர்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை நாளாகிய 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என வகுத்து, கண்டெடுக்கப்படாது கிடக்கும் தொல்பொருளை அரசின் உடைமையாக்குகிறது. எனவே கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ கிடைத்த ஒல்லாந்தர் காசைக் கொண்டுவரும் ஒருவருக்கு அதன் விலையை மட்டும் சொல்லி, அது அவர் விற்கக்கூடியதன்று என்பதைச் சொல்லாத வாணிகர் பாதி உண்மையே சொன்னவராவார். நான்காம் ஜோர்ஜ் மன்னரின் உருவம் பொறித்த 1821ஆம் ஆண்டு வெள்ளி ரிக்ஸ்டொலர் இந்தக் கால எல்லைக்குப் பிற்பட்டது. 'டி' எழுத்துக் கொண்ட திருகோணமலை ஸ்டைவர் அதற்கு முற்பட்டது.