அளப்பதையும் அளந்து பார்

பழைய மின்னணு அளவைக் கருவி ஒன்று கைக்கு வந்ததும் விரல் சுவிட்சைத்தான் தேடும். பொறுப்பதே முதல் பாடம்.

டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970-களில் விற்ற 465 ஆசிலோஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். மின் அலைகளின் வடிவத்தைத் திரையில் 100 மெகாஹெர்ட்ஸ் வரை காட்டும் இரு சேனல் கருவி. அமெரிக்காவில் 115 வோல்ட்டில் ஓடியதை அப்படியே நம் 230 வோல்ட்டில் செருகினால் பாழாகிவிடலாம்; மின்னழுத்தத் தேர்வு சுவிட்சையும் ஃபியூஸையும் முதலில் பாருங்கள். நெடுநாள் கிடந்ததில் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் கெட்டிருக்கலாம். எனவே 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். படக்குழாய்ப் பகுதியில் பல ஆயிரம் வோல்ட் உண்டு. அணைத்த பிறகும் மின்னூட்டம் தங்கும். அங்கே கை வைக்காதீர்கள்.

இத்தனையும் தாண்டினால், கருவியின் முகப்பிலேயே 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் முனை இருக்கிறது. கருவி சரியாகக் காட்டுகிறதா என்று கருவியிடமே கேட்கலாம். செய்தவர்கள் முழுச் சுற்றுப்படத்துடன் சர்வீஸ் கையேடும் தந்தார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் கருவியைப் பழுதுபார்க்க முடிவது அந்த நேர்மையால்தான்.

அந்தக் கருவியைப் போலவே, பிறரை மதிப்பிடும் பொறுப்பில் இருக்கும் ஆசிரியரோ, நீதிபதியோ, விமர்சகரோ, தம்மைச் சோதிக்கவும் ஒரு வழியைத் திறந்து வைக்க வேண்டும். அப்படி வைத்தவர் சொல்லும் அளவையே நம்பலாம்.