மனக்கோயிலுக்கு ஆகமம்

திருநின்றவூர் என்றதும் பூசலார் கதைதான் முதலில் நினைவுக்கு வரும். கையில் பொருள் இல்லாத அந்த ஏழை, மனத்துக்குள்ளேயே ஒரு கோயில் கட்டினார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, "நாளை நான் பூசலாருடைய கோயிலுக்குப் போகிறேன்; உன் விழாவைத் தள்ளி வை" என்றானாம். மன்னன் திருநின்றவூருக்கு வந்து பார்த்தால் அங்கே கோயில் எதுவும் இல்லை.

பக்தி அவரவர் உள்ளத்தில் தானே எழும்ப வேண்டும். இன்னொருவர் கட்டித் தர முடியாது என்பதற்கு இந்தக் கதையைச் சான்று காட்டுவார்கள். அது சரிதான். ஆனால் சேக்கிழார் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். பூசலார் மனம்போன போக்கில் கட்டிவிடவில்லை. ஆகமப்படி அடிநிலை இட்டுத்தான் எழுப்பினார். அந்த ஆகமம் அவருக்கு எங்கிருந்து வந்தது? முன்னோர் வழியாகத்தானே வந்திருக்க வேண்டும்? கட்டியவர் அவர்தான், கட்டும் முறை மட்டும் பெரியவர்கள் தந்தது.

அப்படியானால், நம்பிக்கை விஷயத்தில் இளையவர்கள் மேல் மூத்தவர்களுக்கு எவ்வளவு உரிமை உண்டு? எந்தச் சமயத்துக்கும் உரிய கேள்வி இது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ சமய வரலாற்றில் இதற்கு நல்ல உரைகல் ஒன்று இருக்கிறது.

1726இல் ஜெர்மானிய நாட்டில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர் சுவார்ட்ஸ் பாதிரியார். 1785இல் பாளையங்கோட்டையிலிருந்து வேதநாயகம் என்ற சிறுவனை அவர் தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்தார். துளஜா மன்னர் 1787இல் மறைவதற்கு முன், தாம் தத்தெடுத்த சரபோஜியின் நலத்தையும் அவர் பொறுப்பில் விட்டார். ஒருவன் ஏழைப் புலவன் வீட்டுப் பிள்ளை. மற்றவன் அரச குமாரன். இருவருக்கும் வழிகாட்டி ஒருவரே.

வேதநாயகம் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியார் ஆனார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். அவர் கிறிஸ்துவை ஏற்க வேண்டும் என்ற ஆசை சுவார்ட்ஸுக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. அரியணைக்கு வழியின்றி அல்லலுற்ற இளைஞனுக்காகக் கம்பெனியாரிடம் வாதாடியவரும் அவரே. கைம்மாறு கேட்க நினைத்திருந்தால் அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. ஆனாலும் செய்த உதவியை ஆசையின் விலையாக்கவில்லை அந்தப் பெரியவர்.

இருவரில் யாரிடம் சுவார்ட்ஸ் வெற்றி பெற்றார்? வேதநாயகரிடம்தான் என்று உடனே சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

சுவார்ட்ஸ் 1798இல் மறைந்தார். பிறகு வந்த புதிய பாதிரிமார்கள், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்றார்கள். சாஸ்திரியார் எதிர்த்தார். பழைய குருமார்கள் பொறுத்துக்கொண்டதை மாற்ற இவர்கள் யார் என்பது அவர் வாதம். எவ்வளவு பெரிய கவிஞர்! ஆனால் இந்த ஒன்றில் அவர் பக்கம் நியாயம் இல்லை. குருவிடம் கொண்ட அன்பினால், குரு சகித்துக்கொண்ட குறையையும் வேதத்தோடு சேர்த்துப் போற்றிவிட்டார். மூத்தவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் வாய்விட்டுக் கற்பிப்பதை மட்டும் இளையவர்கள் கற்பதில்லை. நாம் கண்டும் காணாமல் விட்டதையும் கற்றுக்கொள்கிறார்கள். நாம் போன பிறகு நம் பெயரைச் சொல்லியே அதைக் காக்கிறார்கள்.

அந்தப் பூசலில் பதவி இழந்த சாஸ்திரியாருக்கு 1829 வாக்கில் ஆதரவு தந்தவர் யார் தெரியுமா? சரபோஜிதான். தஞ்சைப் பெரிய கோயிலில் தம் குல வரலாற்றைக் கல்லில் வெட்டச் செய்த அதே மன்னர், தம் பழைய தோழரான கிறிஸ்தவக் கவிஞருக்கும் கை கொடுத்தார். சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில் இன்றும் ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. படுக்கையில் சுவார்ட்ஸ், அருகே அவர் கையைப் பற்றியபடி சரபோஜி. மாறாத மாணவன் மாறாத நன்றியோடு எடுத்த நினைவுச் சின்னம் அது.

ஆசானின் மதத்தைச் சரபோஜி ஏற்கவில்லை. ஆனால் மாற்று மதத்தாரிடம் அன்பு செலுத்தும் பண்பை அவரிடம் கண்டார், கைக்கொண்டார். மதத்தை ஏற்ற மாணவரோ ஆசான் காலத்து வழக்கத்திலேயே நின்றுவிட்டார். ஆகவே, "என் வழிக்கு வந்தானா?" என்பதை மட்டும் வைத்து ஒரு மூத்தவரின் பணியை அளக்க முடியாது.

மூத்தவர்கள் முறையைச் சொல்லட்டும். தங்கள் ஆசையையும் ஒளிக்காமல் சொல்லட்டும். தாங்கள் திருத்தாமல் விட்ட குறைகள் இன்னின்னவை என்று சேர்த்துச் சொல்வது அதைவிட முக்கியம். பிறகு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். உள்ளே எழும் கோயிலுக்கு நாள் குறிப்பவர் அவர்கள் அல்லர்.