வெறுங்கூடை



தபசு காலத்து வெள்ளிக்கிழமையன்று காலை, பாலாற்றங்கரை ஏரியொன்றில் தூண்டில் போட்டிருந்த முதியவரருகே உட்கார்ந்திருந்தேன். தக்கை அசையவேயில்லை. "முன்னெல்லாம் கெண்டையும் விராலும் கூடை நிறையும், சாமி. டேனரித் தண்ணி கலந்து எல்லாம் போச்சு" என்றார்.

கெனேசரேத் ஏரியில் மீன் நிறைந்த வலையைக் கண்டு, அர்ச். இராயப்பர் தாம் பாவியென்று சேசுநாதர் பாதத்தில் விழுந்தார். அவர் நிறைவைக் கண்டு பாவத்தை உணர்ந்தார். நாம் வெறுங்கூடையைக் கண்டும் உணரோமோ?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது: மாசுபடுத்தினவர் பாதிக்கப்பட்டோருக்கு நஷ்டஈடு தருவதோடு, கெட்ட நீரையும் நிலத்தையும் சீராக்கும் செலவையும் ஏற்கவேண்டும். ஞானோபதேசத்தில் நாம் படித்ததும் இதுவன்றோ? திருடினவன் மனஸ்தாபப்பட்டால் மட்டும் போதாது; திருடினதைத் திருப்பித் தரவேண்டும்.

நம் பங்கு தோலால் பிழைக்கிறது. கோயில் காணிக்கையும் அந்தக் கூலியிலிருந்தே விழுகிறது. ஆகையால் என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன். முதலாளிமார் இரவில் கழிவுநீரைத் திறந்துவிடாதிருப்பார்களாக. திறக்கும்படி ஏவப்பட்டு, வேலை போய்விடுமோவென்று அஞ்சும் தொழிலாளி என்னிடம் வரட்டும். நானும் உடன் நிற்பேன்.

இதுவே இத்தபசு காலத்தில் சர்வேசுரனுக்குப் பிரியமான ஒருசந்தி.