எங்கே புதைத்தார்கள்?

ஆம்பூரை அடுத்த நம் பங்கில், சென்ற நவம்பர் மாதத்தின் தொடக்கத்தில் ஓர் அன்பியக் கூட்டம். செபமாலை முடிந்து மக்கள் கலைவதற்குமுன் பேச்சு ஒரு திரைப்படத்தின் பக்கம் திரும்பிற்று. முந்தைய ஞாயிறன்று தொலைக்காட்சியில் ‘பாபநாசம்’ படத்தைப் பலரும் பார்த்திருந்தனர். கூடியிருந்தோரில் பெரும்பாலோர் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்துப் பிழைப்பவர்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள். “நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன் சாமி” என்றார் ஒரு தகப்பனார். சுற்றியிருந்தோர் அனைவரும் தலையசைத்தனர்.

அப்போது, சுவரோரம் அமர்ந்திருந்த வயது முதிர்ந்த தாய் ஒருவர் மெல்லக் கேட்டார்: “எல்லாம் சரி சாமி. செத்துப்போன அந்தப் பையனப் பெத்தவளுக்கு, எங்க பொதைச்சாங்கன்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்லலியே?”

எவரும் விடை கூறவில்லை. நாமும் கூறவில்லை. ஆனால் இல்லம் திரும்பிய பின்னும் அக்கேள்வி நம்மைவிட்டு அகலவில்லை. கேட்டவர் யார் என்பதைப் பிறகு சொல்வோம். முதலில் கேள்வியை ஆராய்வோம்.

கதையை அறியாதவர் சிலரே. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் மலையாளத்தில் ‘திருஷ்யம்’ என்னும் பெயரில் வெளிவந்த படத்தை, அதன் இயக்குநர் ஜீத்து ஜோசப் அவர்களே கமல்ஹாசன் அவர்களைக் கொண்டு தமிழில் மீண்டும் படைத்தார். 2015 ஜூலையில் ‘பாபநாசம்’ வெளிவந்தது. கேபிள் தொலைக்காட்சித் தொழில் நடத்தும் சுயம்புலிங்கம் என்னும் எளிய மனிதரின் மூத்த மகளை, குளிக்கும்போது மறைந்திருந்து படமெடுத்த ஓர் இளைஞன், அதைக் காட்டி மிரட்டி அவர்கள் வீட்டிற்கே வருகிறான். தாய் கெஞ்சுகிறாள், அவன் இரங்கவில்லை. அச்சத்தில் மகள் அடித்த அடியில் அவன் மாள்கிறான். அவனோ காவல்துறை உயர் அதிகாரியான ஒரு பெண்மணியின் ஒரே மகன். தாயும் மகளும் உடலைத் தோட்டத்துக் குழியில் புதைத்து விடுகின்றனர். வீடு திரும்பிய தந்தை, தாம் பார்த்த திரைப்படங்களிலிருந்தே கற்றுக்கொண்ட உபாயங்களால் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். உடல் இறுதியில் எங்கே கிடக்கிறது என்பதைக் கடைசிக் காட்சி காட்டுகிறது: புதிதாகக் கட்டப்பட்ட காவல் நிலையத்தின் தரைக்கு அடியில்!

அரங்குகளில் கைதட்டல் எழுந்ததில் வியப்பில்லை. ஏழை ஒருவன் அதிகாரத்தை வென்றான். தந்தை ஒருவன் மகளின் மானத்தைக் காத்தான். கைபேசி ஒன்றினால் ஒரு பெண்ணின் வாழ்வு ஒரே இரவில் சிதைக்கப்படக்கூடிய இக்காலத்தில், அதிகாலையில் மகளை ஷூ கம்பெனி பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு மாலைவரை மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோர் இக்கதையில் தங்களையே கண்டனர். அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை.

அடித்த அடியையும் நாம் பெரும் பாவமாகத் தீர்ப்பிடவில்லை. ஒருவர் தம்மையோ பிறரையோ காத்துக்கொள்ள அளவோடு கையாளும் வன்மை, தாக்கியவனின் உயிரையே பறிக்க நேர்ந்தாலும், அது கொலைப்பழி ஆகாது என்று தூய தோமா அக்குவினார் 13ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாக்கியுள்ளார். திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் அவ்வழியே நிற்கிறது. அஞ்சி நடுங்கிய ஓர் இளம்பெண்ணிடம் அளவுகோலை நீட்டி அடியின் கனத்தை அளக்க எந்த ஒப்புரவுக் குருவும் துணியார். எனவே சிக்கல் அந்த ஒரு நொடியில் இல்லை. அதற்குப் பின்வந்த நாள்களில் இருக்கிறது.

பின்வந்த நாள்களில் நடந்தது என்ன? குடும்பத்தார் அயலூருக்கு மெய்யாகவே சென்றனர், விடுதியில் தங்கினர், உணவகத்தில் உண்டனர், திரைப்படம் பார்த்தனர். யாவும் உண்மை; நாள் மட்டுமே பொய். மலையாள மூலத்தில் நாயகன் ஜார்ஜுகுட்டி ஒரு கிறிஸ்தவர். அவர் சாட்சியமாகக் காட்டுவது எதைத் தெரியுமா? தொடுபுழையில் நடந்த தியானத்தில் குடும்பத்தோடு பங்கேற்றதை! மனமாற்றத்திற்காக நடத்தப்படும் தியானம், மறைப்பதற்குரிய திரையாயிற்று. நடத்துநர், விடுதிக்காரர், உணவகத்தார் என நேர்மையான பலர் தாம் அறியாமலே பொய்ச்சான்று பகர்ந்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளி செல்லும் சின்ன மகளுக்குத் தந்தையே பொய்யைப் பாடமாகக் கற்பித்தார். அப்பொய்க்காக அப்பிஞ்சு காவலரிடம் அடியும் பட்டது. மகனைத் தேடும் வெறியில் அதற்கு இடங்கொடுத்த அந்தத் தாயும் குற்றமற்றவள் அல்லள். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை வதைப்பது இருபுறமும் நிகழ்ந்தது.

தூய அகுஸ்தினார் பொய்யைப் பற்றி எழுதிய நூலில், தம் சொந்த ஊராகிய தகாஸ்தே நகரின் ஆயராய் இருந்த ஃபிர்முஸ் என்பவரைப் பற்றிக் குறிப்பிடுகிறார். தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவனை அவர் ஒளித்து வைத்திருந்தார். பேரரசரின் வீரர்கள் வந்து கேட்டபோது, தம்மால் பொய் சொல்லவும் இயலாது, அவனைக் காட்டிக் கொடுக்கவும் இயலாது என்றாராம். வதைத்துப் பார்த்தனர், அவர் மாறவில்லை. இறுதியில் பேரரசரே வியந்து அம்மனிதனுக்கு மன்னிப்பு வழங்கினார். ஆயர் அவனைக் காக்கத் தந்தது தம் உடலை. பிறருடைய நாவை அன்று. சுயம்புலிங்கம் தம் குடும்பத்தைக் காக்கச் செலவிட்டதோ ஊராரின் நாவையும் தம் குழந்தையின் நாவையும்.

ஆயினும் நம்மை மிகவும் உறுத்துவது பொய்யைக் காட்டிலும் அந்தப் புதைகுழியே. இறந்தோரை நல்லடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தோம். தோபித்து தம் உயிருக்கு ஆபத்து நேரினும் இறந்தோரை அடக்கம் செய்தார். சாமுவேல் நூலில் வரும் ரிஸ்பாவோ, தூக்கிலிடப்பட்ட தன் மைந்தரின் உடல்களை அறுவடைக் காலம் தொடங்கி மழை பெய்யும்வரை பறவையும் விலங்கும் அண்டாதவாறு காத்துக் கிடந்தாள். அதைக் கேள்வியுற்ற பின்னரே தாவீதின் உள்ளம் அசைந்தது. சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளைச் சேகரித்து முறையாக அடக்கம் செய்யப் பணித்தார். மண்ணில் இடுவது ஒரே செயல்தான். ஆனால் அடக்கம் என்பது இறந்தவனை அவனுடைய உறவினர் கையில் ஒப்படைப்பது. மறைத்துப் புதைப்பதோ அவனை அவர்களிடமிருந்து மீண்டும் ஒருமுறை பறிப்பது.

இக்கதை பல நாடுகளுக்கும் பயணமாயிற்று. 2017இல் இலங்கையில் சிங்களத்தில் ‘தர்மயுத்தய’ என்னும் பெயரில் எடுக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடும் தமிழ்த் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கி வீதியோரம் அமர்ந்தனர். ஆண்டுகள் கடந்தும் அவர்கள் எழுப்பும் முதல் கேள்வி, பிள்ளைகள் எங்கே என்பதுதான். ஓர் இடத்தின் பெயரையேனும் அறியும் உரிமை பெற்றவளுக்கு உண்டு. அதைப் பறிக்க எந்த நியாயத்தாலும் ஆகாது.

நம் வேலூர், ஆம்பூர்ப் பகுதியினருக்கு இது தொலைதூரத்துக் கதையன்று. மண்ணுக்கடியில் ஒன்றை மறைத்துவிட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் என்று சொல்வது நமக்கும் பழக்கமானதே. பாலாற்றில் தோல் கழிவு இறங்கியபோது நாம் அனைவரும் அறிந்திருந்தோம். அதனால் வந்த சோற்றையும் உண்டோம். பிழைப்புப் போய்விடுமே என்று வாய் திறவாதிருந்தோம். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தருவதோடு நின்றுவிட முடியாது. கெடுத்த மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதே அதன் சாரம். சீராக்கல் முழுமையாகவில்லை என்பதைப் பாலாற்றங்கரையில் வாழும் நாம் அறிவோம். 2015 சனவரி 31 அன்று இருள் விலகுமுன் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஏழைகள். மறைத்து வைத்தது ஒருநாள் வெளிவரும். வரும்போது குற்றமற்றவர் மேலேயே விழும்.

நீதிமன்றம் அன்று சொன்னதைத்தான் திருச்சபை தொன்றுதொட்டுப் பரிகாரம் என்று அழைக்கிறது. மனத்துயர், அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் ஒப்புரவு அருட்சாதனத்தில் மனந்திரும்பியவர் ஆற்ற வேண்டியவை. பாவமன்னிப்புப் பாவத்தைப் போக்கும். ஆனால் பாவத்தால் அயலாருக்கு நேர்ந்த கேட்டை இயன்றவரை சரிசெய்யும் கடமை எஞ்சியே நிற்கும் என்று மறைக்கல்வி ஏட்டின் 1459ஆம் எண் கற்பிக்கிறது. சக்கேயு மனம் மாறியதோடு நிற்கவில்லை. நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார்.

இவ்வளவுகோலால் நோக்கினால் படத்தின் முடிவு நமக்கு விளங்கும். இறந்தவனின் பெற்றோர் சுயம்புலிங்கத்தைத் தேடி வருகின்றனர். அவர் நேரடியாகச் சொல்லாமல், அவர்கள் மகன் இனித் திரும்பான் என்பதை உணர்த்தி, மன்னிப்புக் கேட்டு அழுகிறார். மனத்துயர் இருக்கிறது. அறிக்கையும் பாதி இருக்கிறது. பரிகாரம் இல்லை. இடத்தை அவர் சொல்லவில்லை. பொதிகையின் அடிவாரத்தில், தாமிரபரணியில் நீராடினால் பாவம் நாசமாகும் என்று மக்கள் நம்பும் ஊரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட கதையில், பாவம் நாசமாகவில்லை. தரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது.

கதையை எடுத்தாண்ட பிறரையும் இக்குறை உறுத்தியிருக்க வேண்டும். 2019இல் சீன மொழியில் இப்படம் மீண்டும் எடுக்கப்பட்டபோது, நாயகன் இறுதியில் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு சரணடைகிறான். ஆங்கிலத்தில் அப்படத்திற்கு இட்ட தலைப்பு ‘ஆயனில்லா ஆடுகள்’ என்று பொருள்படும். நற்செய்தியில் நாம் கேட்ட தொடரே அது. ஜீத்து ஜோசப் அவர்களும் 2021இல் மலையாளத்தில் எடுத்த இரண்டாம் பாகத்தில் பழைய புதைகுழிக்கே திரும்பினார். அதில் ஜார்ஜுகுட்டி எலும்புகளை மீட்டு எரித்து, அச்சாம்பலை இறந்தவனின் பெற்றோர் கையில் சேர்ப்பிக்கிறார். தண்டனைக்கு அவர் இன்னும் தப்பித்தே நிற்கிறார். ஆயினும் தாய்க்குரியதைத் தாயிடம் தராமல் கதை முடிய மறுத்துவிட்டது.

இப்படிப்பட்ட தந்தை ஒருவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நம்முன் மண்டியிட்டால் என் செய்வோம்? அவர் சொன்னதை எவரிடமும் சொல்லோம். அந்த முத்திரை உயிர்போனாலும் உடைக்கக்கூடாதது. தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த இயலாது என்பதும் நாம் குருமடத்தில் கற்றதே. ஆகையால், காவல் நிலையத்திற்குப் போனால்தான் மன்னிப்பு என்று அவரிடம் நிபந்தனை விதிக்க மாட்டோம். ஆனால், “மகனே, அந்தத் தாய்க்கு என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்காமல் அனுப்பவும் மாட்டோம். ஏதேனும் ஒரு வழியில், எவர் மூலமாகவேனும், அவளுடைய மகன் உறங்கும் இடத்தை அவளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குடும்பப் பாசம் தூயது. ஆனால் அடுத்த வீட்டு வாசலோடு நின்றுவிடும் பாசம் கிறிஸ்துவின் அன்பாகாது.

அன்பியத்தில் முதலில் பேசிய தகப்பனாரிடம் சில நாள்கள் கழித்து இதைச் சொன்னோம். நெடுநேரம் அமைதியாயிருந்தார். பிறகு, “போலீசுக்குப் போவேனான்னு தெரியல சாமி. ஆனா அந்தம்மாவுக்குச் சொல்லாம எனக்குத் தூக்கம் வராது” என்றார். அந்த நேர்மையான விடைக்காக இறைவனுக்கு நன்றி கூறினோம்.

கேள்வி கேட்ட தாயைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தோம். அவருடைய மகன், லாரியில் கிளீனராக வடக்கே போனவன், 14 ஆண்டுகளாகத் திரும்பவில்லை. கடிதமில்லை, செய்தியில்லை. ஆண்டுதோறும் இறந்த விசுவாசிகளின் நினைவு நாளுக்குமுன் அவர் திருப்பலிக் கருத்து எழுத வருவார். உபதேசியாரின் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள்: வாழ்வோருக்காக, இறந்தோருக்காக. எதில் எழுத என்று அவர் கேட்டபோது ஒருமுறை அத்தாய், “ரெண்டுலயும் எழுதுங்க” என்றார். அன்றுமுதல் அந்தப் பெயர் இரண்டு பத்திகளிலும் எழுதப்படுகிறது. பீடத்தில் நாம் அதை இருமுறை வாசிக்கிறோம்.

இலாசர் இறந்தபோது பெத்தானியா வந்த நம் ஆண்டவர், கல்லறைக்குச் செல்லுமுன் கேட்டது, அவனை வைத்த இடம் எங்கே என்பதே. அதன்பின் அவர் கண்ணீர் விட்டார். அத்தாயின் கேள்வியும் அதுவே.

இதை வாசிப்போருள் எவருக்கேனும், பிறருடைய பிள்ளையைப் பற்றிய ஓர் உண்மை தெரிந்திருக்கக்கூடும். விபத்தில் இறந்த ஒரு தொழிலாளியைப் பற்றியோ, ஊர் பேசாத ஒரு மரணத்தைப் பற்றியோ, அச்சத்தால் விழுங்கிய ஒரே ஒரு சொல். அச்சொல்லுக்காக எங்கோ ஒரு தாய் இரண்டு பத்திகளிலும் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்லிவிடுங்கள்.