வலிக்குச் சாட்சி

காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு, ரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு. வலிக்கு நோயாளியின் வாய்ச்சொல்தான். வலியே இல்லையென்றால் 0, பொறுக்கவே முடியாதென்றால் 10, இப்போது எவ்வளவு என்று செவிலியர் கேட்கிறார்; 7 என்று பதில் வருகிறது. ஒருவர் சொல்லும் 7உம் இன்னொருவர் சொல்லும் 7உம் ஒன்றுதானா என்று பார்க்க வழியில்லை. காயத்தைப் பார்த்துக் கணிப்பதும் ஏமாற்றும். இரண்டாம் உலகப் போரில், இத்தாலியப் போர்முனையில் படுகாயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் வலிக்கு மருந்து கேட்கவில்லை என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர் 1946இல் எழுதினார். அப்படியானால் பிறர் வலியை அறியவே முடியாதா? மெய்யியலின் பழைய கேள்வி இது. ஆனால் தவறான இடத்தில் தொடங்குகிறது. குழந்தை அழுத இடத்தில்தான் 'வலிக்கிறது' என்ற சொல் வந்து அமர்கிறது என்று மெய்யியலாளர் விட்கன்ஸ்டைன் காட்டினார். அழுகையைப் போலவே அந்தச் சொல்லும் உதவி கேட்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டவர் முதலில் செய்யவேண்டியது நம்புவது. எங்கே, எப்போதிருந்து, குத்துகிறதா, எரிகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா, தூங்க விடுகிறதா என்ற விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான் பயன் தரும். தன்னை நம்புகிறார்கள் என்று தெரிந்தவரே எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார்.

நிரூபணம் வரட்டும், பிறகு நம்பலாம் என்று காத்திருந்ததன் விலையைக் குழந்தைகள் கொடுத்திருக்கிறார்கள். 1980களின் நடுப்பகுதி வரை, பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கம் இல்லாமலே அறுவைசிகிச்சை செய்வது மேலைநாடுகளில் பரவலான வழக்கம். நரம்புகள் முதிரவில்லை, வலித்தாலும் நினைவில் நிற்காது என்றார்கள். வலிநீக்கி மருந்துகளால் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயமும் இருந்தது. அது வெறும் சாக்கல்ல. ஆனால் தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்து பல சமயம் கொடுக்கப்பட்டது. அதனால் குழந்தையால் அசையவோ அழவோகூட முடியவில்லை. சாட்சியின் வாயைக் கட்டிவிட்டு, சாட்சியம் இல்லை என்று தீர்ப்பளித்த கொடுமை இது. கே. ஜே. எஸ். ஆனந்தும் சகாக்களும் ஆக்ஸ்ஃபோர்டில் செய்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், இதயத்தருகே அறுவைசிகிச்சை செய்யப்பட்ட குறைப்பிரசவக் குழந்தைகளில் சிலருக்கு வழக்கமான மருந்துகளோடு ஃபென்டனில் என்ற வலிநீக்கியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகளின் உடல் அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்கள் குறைந்தன, பின்விளைவுகளும் குறைந்தன. பேச இயலாமை வலியின்மைக்குச் சான்றல்ல என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. இன்று செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரின் முகச்சுளிப்பையும் கையசைவையும் செவிலியர்கள் குறித்துக்கொள்வதும் நம்பிக்கையின் நீட்சியே.

பொய் சொல்பவர்களும் இருக்கிறார்களே என்பது நியாயமான மறுப்பு. நம்பியதன் விளைவுக்கு அமெரிக்காவைக் காட்டுவார்கள்: 1990களில் அங்கே, உடல் வெப்பம், ரத்த அழுத்தம் முதலியவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறி என்று கொண்டாடினார்கள். ஓபியாய்டு வலிநீக்கி மாத்திரைகள் வெள்ளமாய்ப் பாய்ந்து எத்தனையோ பேரை அடிமையாக்கிக் கொன்றன. ஆனால் அங்கே நோயாளியின் சொல் ஓர் எண்ணாகச் சுருங்கியது, அந்த எண்ணுக்குப் பதில் மாத்திரை என்றானது, மருந்து நிறுவனங்களின் விற்பனை ஆசை அதற்கு எண்ணெய் வார்த்தது. நம்புவது ஒரு செயல், மருந்தைத் தேர்வது வேறொரு செயல். சந்தேகம்தான் பாதுகாப்பு என்பவர்கள், அது யார்மீது விழுகிறது என்றும் பார்க்கவேண்டும். கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய் நம்பிக்கைகளில் ஒன்றையாவது வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் பாதிப்பேர் ஏற்றதை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது; அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். மருந்தை மறுக்க நேரும் மருத்துவர், "உங்களுக்கு வலிக்கிறது, ஆனால் இந்த மருந்து உங்களைக் கெடுத்துவிடும், வேறு வழி பார்ப்போம்" என்று சொல்லலாம். வலியையே மறுக்கவேண்டிய அவசியம் அவருக்கு எந்த நோயாளியிடமும் வராது.